டெல்லி மொட்டை மாடியில் ஜாடிக்காக டேலியா: எந்த வகை, எப்போது நடுவது, எப்படி வெட்டுவது?

துவாரகா மாடி

எல்லோருக்கும் வணக்கம். ஆவணி வந்துவிட்டது, குளிர்காலப் பூக்களுக்கு இப்போதே திட்டம் போட்டால்தான் உண்டு. எங்கள் மொட்டை மாடியில் காலையிலிருந்து மாலை வரை வெயில் விழும். சாமந்தி, பெட்டூனியா, ஃப்ளாக்ஸ் எல்லாம் வைத்துப் பழக்கம் உண்டு. இந்த வருடம் டேலியா வைக்க ஆசை. ஆனால் தொட்டியில் நிற்க வைத்து அழகு பார்ப்பதற்காக இல்லை, வெட்டி வீட்டுக்குள் ஜாடியில் வைப்பதற்காக. மாசி, பங்குனி இரண்டு மாதமும் கூடத்தில் ஒரு ஜாடி நிறைய பூ இருக்க வேண்டும். நர்சரிகளில் பார்ப்பதெல்லாம் ஒரு செடிக்கு ஒரு ராட்சதப் பூ. அதை வெட்டிவிட்டால் செடியில் மிச்சம் இலைதான். அதற்கு வேறு வகை இருக்கிறதா? எத்தனை செடி வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

மயூர் விஹார் கீழ்வீடு

வாங்கம்மா. நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஐப்பசியில் கேட்டிருந்தால் கிடைத்த செடியை வாங்கி வைக்க வேண்டியதுதான்.

ஜாடிக்கென்றால் பெரிய பூவை மறந்துவிடுங்கள். பால் (Ball, பந்து மாதிரி) வகை, பாம்பன் வகை, சின்ன டெக்கரேட்டிவ் (தட்டை இதழ்) வகை, இந்த மூன்றும் போதும். பாம்பன் என்றால் 5 செ.மீ.க்குள் அடங்கிவிடும், உருண்டையாக இருக்கும். பால் வகை அதைவிடக் கொஞ்சம் பெரியது. இதழெல்லாம் சுருண்டு நெருக்கமாக அடுக்கியிருப்பதால் சீக்கிரம் வாடாது. 25 செ.மீ. அகலப் பூவின் இதழ் மெல்லிசு, காற்றுப் பட்டால் ஓரம் கருகும், தண்ணீரில் வைத்தாலும் இரண்டு நாள் தாங்குவதே அதிகம். காக்டஸ் என்ற கூர் இதழ் வகையும் பார்க்க அழகுதான், ஆனால் வெட்டியபின் சீக்கிரம் தொங்கிவிடும்.

செடியின் அமைப்பும் முக்கியம். ஜாடிக்கு 40 செ.மீ.யாவது காம்பு வேண்டும். விதையிலிருந்து வரும் ஃபிகாரோ போன்ற குட்டை வகைகள் பாத்தி ஓரத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் செடியே 30, 40 செ.மீ. தான் வளரும். அதில் காம்பு எங்கிருந்து வரும்? விதைப் பாக்கெட் வாங்காதீர்கள். வேர் விட்ட கட்டிங்காகவோ (வெட்டி வேர் பிடிக்க வைத்த துளிர்) கிழங்காகவோ வாங்குங்கள்.

8 முதல் 10 செடி வைத்தால் வாரம் ஒரு ஜாடி நிறையும். தொட்டி 12 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். தரையில் வைக்க இடமிருந்தால் செடிக்குச் செடி 45 செ.மீ. விடுங்கள்.

ஊட்டிப் பிறப்பு, ஆர்.கே. புரம்

எங்கள் ஊரில் டேலியா வேலியோரம் தானாக வரும். கிழங்கை யாரும் தோண்டி எடுப்பதில்லை, மண்ணிலேயே கிடக்கும், அடுத்த மழைக்கு முளைக்கும். அம்மா வீட்டில் ஒரு மூலை முழுக்க மெரூன் நிறப் பூ. வெட்ட வெட்ட வரும். அதனால் கேட்கிறேன், கட்டிங், நாற்று என்று வருடா வருடம் ஏன் இத்தனை வேலை? கிழங்கை ஒரு முறை தரையில் வைத்துவிட்டால் போதாதா?

வடக்கு வளாகம்

ஊட்டி சார், உயரம்தான் வித்தியாசம். டேலியா மெக்சிகோ மலைச் செடி. 1963இல் அதைத் தேசிய மலராகவே அறிவித்தார்கள். நீலகிரியில் 2,200 மீட்டர் உயரத்தில் அதன் சொந்த வீடு மாதிரியான குளிர்ச்சி கிடைக்கிறது. டெல்லியில் ஜூனில் 45 டிகிரி, உடனே ஜூலையில் மழை. சூட்டில் வாடிப்போன கிழங்கு ஈரத்தில் அழுகிவிடும். தரையில் விட்ட கிழங்கு இங்கே பிழைத்தால் அதிர்ஷ்டம்.

இன்னொரு விஷயம் பகல் நீளம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் 10 மணி 20 நிமிடம் அளவுதான். பகல் குறைந்தால் டேலியா மேல் வளர்ச்சியை விட்டுவிட்டுக் கிழங்கு கட்டப் போய்விடும். பூ வந்தாலும் இதழ் அடுக்குக் குறைந்து நடுவில் மஞ்சள் கண் தெரியும். மார்ச் மூன்றாம் வாரத்தில் பகல் 12 மணி நேரத்தைத் தொடும். நல்ல பூ கிடைப்பது பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம்தான். ஏப்ரல் வெயில் வந்தால் முடிந்தது. எல்லா வேலையும் அந்த இரண்டு மாதத்துக்காகத்தான். நவம்பருக்குள் செடி புதராகியிருக்க வேண்டும், மார்கழிக் குளிரை அப்படியே உட்கார்ந்து கடக்க வேண்டும், தை பிறந்ததும் கிளம்ப வேண்டும்.

விதை வேண்டாம் என்று மயூர் விஹார் மாமி சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்ட டேலியாவில் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதி, மொத்தம் 64. விதை போட்டால் தாய்ச் செடி மாதிரி வரவே வராது. உங்களுக்குப் பிடித்த பூ அதே பூவாகத் திரும்ப வேண்டுமென்றால் கட்டிங் அல்லது கிழங்கு மட்டுமே வழி.

ஜனக்புரி பெரும்பூ

எல்லோரும் சேர்ந்து பெரிய பூவை ஒதுக்குவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

டெல்லி டேலியா என்றால் பெரும்பூதான். பிப்ரவரி, மார்ச்சில் குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யானுக்குப் போய்ப் பாருங்கள், 2023 வரை முகலாயத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அங்கே டேலியா வரிசை முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பூவின் பின்னால் நம் நாட்டிலேயே செய்த பெரிய உழைப்பு இருக்கிறது. ராமகிருஷ்ண மடத்துத் துறவி சுவாமி விநயானந்தர் டேலியாவில் எத்தனையோ புது வகைகளை உருவாக்கினார். 'பிக்குஸ் மதர்' அவர் தந்ததுதான். வெளிநாட்டுக் கிழங்கைத் தேடி அலைகிறோம், ஆனால் நம் வெயிலுக்கும் குளிருக்கும் பழகிய ரகங்கள் வங்காளத்திலிருந்து வரும் நாற்றுகளில் கிடைக்கின்றன. அதை யாராவது சொல்ல வேண்டும்.

நான் ஒரு தொட்டியில் ஒரு செடி, ஒரு தண்டு, ஒரு பூ என்றுதான் வளர்க்கிறேன். பக்கத்துளிர், பக்க மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு நடு மொட்டை மட்டும் விடுவேன். அந்தப் பூ விரிந்து முடிய மூன்று வாரம்கூட ஆகும். தினமும் காலையில் ஒரு அடுக்கு அதிகமாகத் திறந்திருக்கும். அதைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் ஜாடியில் கிடைக்காது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பெரிய பூவுக்கு ஜாடி எதற்கு? வெண்கல உருளியில் தண்ணீர் ஊற்றி ஒரே ஒரு பூவை மிதக்கவிடுங்கள். காம்பு நீளம் பற்றிய கவலையே இல்லை, கூடத்துக்கு வந்தவர் கண் வேறெங்கும் போகாது.

மயூர் விஹார் கீழ்வீடு

உருளி யோசனை அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஒன்றிரண்டு தொட்டி அதற்கென்று வைக்கலாம். ஆனால் துவாரகா அம்மா கேட்டது வாரா வாரம் ஜாடி. அதற்கு உங்கள் முறையை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

சொல்கிறேன். புரட்டாசியில் கட்டிங் வேர் விட்டிருக்கும், ஐப்பசி பிறந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். நாலு ஜோடி இலை வந்ததும் நடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். நன்றாக வளர்கிற செடியின் தலையைக் கிள்ள மனசு வராது, கிள்ளித்தான் ஆக வேண்டும். கிள்ளாத செடி ஒரே தண்டாக மேலே போய் உச்சியில் ஒரு பூ விடும். கிள்ளினால் ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் இரண்டு இரண்டாகக் கிளைக்கும், நாலு முதல் எட்டுத் தண்டு கிடைக்கும். கார்த்திகையில் மொட்டு எட்டிப் பார்த்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பூ வளர்ச்சி குறைவாக, காம்பு குட்டையாகத்தான் வரும், செடியின் பலம் வீண்.

தை முதல் மொட்டுகளை விடலாம். டேலியா எப்போதும் மூன்று மொட்டாக விடும், நடுவில் ஒன்று, இரு பக்கமும் இரண்டு. பக்க மொட்டு இரண்டையும் பட்டாணி அளவிலேயே எடுத்தால் நடுப் பூ நன்றாக விரியும். அதற்குக் கீழே உள்ள ஒரு ஜோடித் துளிரையும் எடுத்தால் காம்பு நீளும். பாம்பனுக்கு இந்த வேலை தேவையில்லை. கொத்தாகவே வெட்டி வைத்தால் அழகு.

இப்போது முக்கியமானது. முதல் பூவை வெட்டும்போது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பூவுக்குக் கீழே ஒரு சாண் அளவில் வெட்டினால் அடுத்து வருவதும் அதே குட்டைக் காம்புதான். ஆழமாகக் கீழே இறங்கி, செடியில் இரண்டு ஜோடி இலை மட்டும் விட்டு வெட்டுங்கள். வழியில் இரண்டு மொட்டு சேர்ந்து போனாலும் பரவாயில்லை. அடியிலிருந்து வரும் அடுத்த தண்டு நேராக, நீளமாக வரும். வெட்டுகிற செடிதான் பூக்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை வெட்டுங்கள், வாடிய பூ ஒன்றுகூட செடியில் நிற்கக் கூடாது.

வசந்த் குஞ்ச் பால்கனி

வாடிய பூவுக்கும் மொட்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரிவதில்லை, இரண்டும் பச்சையாக மூடியிருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

மயூர் விஹார் கீழ்வீடு

மொட்டு உருண்டையாக, மேலே தட்டையாக இருக்கும். பூத்து முடிந்தது கூம்பாக, நுனி கூர்மையாக இருக்கும். அழுத்தினால் ஈரம் கசியும். இரண்டு முறை பார்த்தால் பழகிவிடும் தம்பி.

காசிப்பூர் விடியல்

பூ அலங்கார வேலை செய்கிறேன், அதிகாலையில் காசிப்பூர் மண்டியில் பூ வாங்குவேன். சாமந்தி, ரோஜா, கிளாடியோலஸ் மலைபோல் கிடக்கும் இடத்தில் டேலியாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரணம், டேலியா பயணம் தாங்காது. பெட்டியில் அடுக்கி ராத்திரி முழுக்க வண்டியில் வந்தால் பின் இதழ் நசுங்கிவிடும். வீட்டில் வளர்த்தால் மட்டுமே நல்ல டேலியா ஜாடியில் வைக்க முடியும், அதனால் துவாரகா அக்கா எடுத்த முடிவு சரியானது.

வெட்டுவது பற்றி மாமி சொன்னதற்குக் கூடுதலாகச் சில.

ரோஜாவையும் கிளாடியோலஸையும் மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியும். டேலியா விரியாது. வெட்டிய நிமிடத்தில் எப்படி இருக்கிறதோ அதுவேதான் கடைசி வரை. ஆகவே முக்கால் பங்குக்கு மேல் விரிந்ததை வெட்டுங்கள். பூவைத் திருப்பிப் பின்பக்க இதழைப் பாருங்கள். பச்சைக் காம்பை ஒட்டிய இதழ் விறைப்பாக, நிறத்தோடு இருந்தால் சரியான பதம். காகிதம் போல வறண்டு, பழுப்பேறி இருந்தால் அதை உருளிக்கு அனுப்புங்கள்.

வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். டெல்லி பிப்ரவரியில் காலை எட்டு மணி வரை நேரம் இருக்கிறது, மார்ச் கடைசியில் ஆறரைக்கே இறங்க வேண்டும். கையில் வாளியோடு போங்கள், வெட்டிய காம்பு நேராகத் தண்ணீருக்குள் போகட்டும். காம்பு உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்கும், காற்று அடைத்தால் தண்ணீர் ஏறாது. வீட்டுக்குள் வந்ததும் தண்ணீருக்குள் வைத்தே அடியை இன்னொரு முறை சாய்வாக நறுக்குங்கள். தண்ணீரில் மூழ்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, அழுகி நாறும். இருட்டான, குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் ஜாடியில் அடுக்குங்கள்.

ஜாடித் தண்ணீருக்கு: ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு மூன்று சொட்டு பிளீச். நம் தண்ணீர் கடினத் தண்ணீர் என்பதால் எலுமிச்சை அவசியம். தினமும் மாற்றுங்கள். இப்படிச் செய்தால் பால் வகை ஐந்து நாள், சில நேரம் ஆறு நாள் நிற்கும். பழக்கூடை பக்கத்தில் வைக்காதீர்கள், வாழைப்பழம் பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் கிழடாக்கும்.

ஊட்டிப் பிறப்பு, ஆர்.கே. புரம்

வெந்நீரில் காம்பை வைக்கச் சொல்வார்களே, அது?

காசிப்பூர் விடியல்

அமெரிக்க டேலியாக்காரர்கள் செய்வது. 70, 80 டிகிரி தண்ணீரில் அடிக்காம்பு ஐந்து ஆறு செ.மீ. மூழ்கும்படி வைத்து, அது தானாக ஆறும் வரை விடுவார்கள். தொங்கிய பூவைச் சில நேரம் நிமிர்த்தும், அதற்கு மட்டும் நான் பயன்படுத்துகிறேன். நல்ல நேரத்தில் வெட்டிய பூவுக்குத் தேவைப்படுவதில்லை. ஆவி இதழில் படக் கூடாது.

வடக்கு வளாகம்

உரத்தையும் பூச்சியையும் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தழைச்சத்து அதிகம் போடாதீர்கள். இலை பெரிதாகி, காம்பு பலவீனமாகி, ஜாடியில் தலை தொங்கும். நடும்போது மக்கிய சாணியெரு, எலும்புத்தூள், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. அப்புறம் கடுகுப் புண்ணாக்கை ஒரு வாரம் ஊறவைத்து, வெளிறிய டீ நிறத்துக்கு நீர்த்து, இரண்டு வாரத்துக்கொரு முறை. இங்குள்ள மாலிகள் (தோட்டக்காரர்கள்) எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். மொட்டு தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டுப் பொட்டாஷ் மட்டும். மார்கழியில் எதுவும் வேண்டாம், செடி தூங்குகிறது. தண்ணீரும் மேல்மண் காய்ந்த பிறகுதான்.

பிப்ரவரி நடுவில் அசுவினி வரும், மொட்டின் கழுத்தில் கூட்டமாக உட்காரும். தினமும் பீய்ச்சிக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும், மீதிக்கு வேப்பெண்ணெயில் சோப்புக் கலந்து மாலையில் தெளிக்கலாம். மார்ச் சூட்டில் செஞ்சிலந்தி. இலையின் அடியில் மெல்லிய வலை, மேலே மஞ்சள் புள்ளிகள். இலையடியை நனைப்பதுதான் தடுப்பு. பனி மூட்டம் இருக்கும் வாரங்களில் சாம்பல் நோய் வரும், அடியிலைகளை எடுத்துக் காற்றோட்டம் விடுங்கள்.

அசுவினியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். டேலியா மொசைக் வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அதுதான். இலை நரம்பை ஒட்டி மஞ்சள் பட்டை, செடி குறுகி நிற்பது, இதெல்லாம் அறிகுறி. மருந்து கிடையாது. எவ்வளவு அருமையான பூவாக இருந்தாலும் அந்தச் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். அதிலிருந்து கட்டிங் எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தால் வைரஸையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்குப் பிறகும் ஸ்பிரிட்டில் துடைப்பது நல்ல பழக்கம்.

வசந்த் குஞ்ச் பால்கனி

வீட்டில் பூனை இருக்கிறது. பரவாயில்லையா?

வடக்கு வளாகம்

பூனைக்கும் நாய்க்கும் டேலியா ஆகாது. உயிருக்கு ஆபத்து என்ற அளவில்லை, ஆனால் மென்றால் வயிறு கெடும், தோலில் அரிப்பு வரும். ஜாடியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஜனக்புரி பெரும்பூ

கிழங்கைப் பற்றி ஊட்டி சார் கேட்டதற்கு முழுப் பதில் வரவில்லை. வருடா வருடம் புதுசாக வாங்க வேண்டியதில்லை, காப்பாற்றலாம். ஏப்ரலில் செடி காய்ந்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். கிழங்கைத் தோண்டாமல் தொட்டியோடு வீட்டின் வடக்குப் பக்க நிழலுக்குக் கொண்டுபோங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். அதுவும் இல்லாவிட்டால் இங்குள்ள லூ என்ற அனல்காற்றில் கிழங்கு சுருங்கி வற்றல் ஆகிவிடும். மழை ஆரம்பித்ததும் தொட்டியைப் படுக்க வைத்துவிடுங்கள், தண்ணீர் உள்ளே இறங்காது.

ஆகஸ்டில் நிமிர்த்தி, லேசாக ஈரம் காட்டினால் துளிர் வரும். அந்தத் துளிர் ஏழெட்டு செ.மீ. ஆனதும் கணுவுக்குக் கீழே வெட்டி மணலிலோ தேங்காய் நார்க்கழிவிலோ குத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். ஒரு தாய்க்கிழங்கு ஐந்தாறு செடி தரும். கிழங்கைப் பிரிப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். முளைக்கண் கிழங்கில் இல்லை, தண்டோடு சேரும் கழுத்தில் இருக்கிறது. கழுத்தில்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்குங்கள்.

ஊட்டிப் பிறப்பு, ஆர்.கே. புரம்

இது எனக்குப் புரிகிறது. வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்த வசதியாக இங்கே டேலியா தொட்டியில்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் மெரூன் செடியிலிருந்து ஒரு கிழங்கு கழுத்தோடு எடுத்து வருகிறேன். மலைச்செடி இங்கே தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

துவாரகா மாடி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். பால் வகை ஆறு, பாம்பன் மூன்று, உருளிக்காக ஜனக்புரி சார் சொன்ன பெரும்பூ ஒன்று. தொட்டிகள் வாங்கிவிட்டேன், மண் கலவை தயார் செய்கிறேன். எங்கள் மாடியில் காற்று அதிகம். முட்டுக்கொம்பை எப்போது கட்டுவது, செடி சாய ஆரம்பித்ததும் கட்டினால் போதுமா? இன்னொரு கேள்வி, சாமி படத்துக்கு வைக்கலாமா?

மயூர் விஹார் கீழ்வீடு

எங்கள் வீட்டில் வைக்கிறோம். வாசனை இல்லையே என்று மாமியார் முதலில் தயங்கினார், இப்போது வெள்ளைப் பாம்பன் பூத்தால் முதலில் கேட்பது அவர்தான். அவரவர் வழக்கப்படி செய்யுங்கள்.

கொம்பை நடும் அன்றே ஊன்றிவிடுங்கள். கட்டிங்கைத் தொட்டியில் வைக்குமுன் கொம்பு உள்ளே இருக்க வேண்டும். பிறகு குத்தினால் அடியில் திரண்டுகொண்டிருக்கும் கிழங்கில் இறங்கும், காயம் பட்ட இடத்தில் அழுகல் பிடிக்கும். கிள்ளிய செடி அகலமாக வருவதால் ஒரு கொம்பு போதாது. தொட்டி ஓரத்தில் மூன்று மூங்கில் குச்சி நட்டு, ஒரு அடிக்கு ஒரு சுற்று சணல் கட்டுங்கள். மாடிக் காற்றென்றால் மேலே மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போடாமல் விரித்தே விடுங்கள், நடுவில் கையை விட்டு வெட்ட இடம் வேண்டும்.